177 சிசி பிளாக், 13 குதிரைத்திறன்: மீதி எங்கே போயிற்று?

தம்பி, உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் மைத்துனர் வீட்டில் வைத்திருக்கும் யமஹா ஸ்பார்க் 135-ஐச் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக மாற்றியிருக்கிறீர்கள். 62 மி.மீ. பிளாக் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்), அதற்கான பிஸ்டன், வால்வுகளைத் திறந்து மூடும் பெரிய கேம்ஷாஃப்ட், 28 மி.மீ. கார்புரேட்டர், வேகக் கட்டுப்பாடு இல்லாத சிடிஐ (தீப்பொறியின் நேரத்தை ஆளும் மின்பெட்டி), அடைப்பில்லாத சைலன்சர் என 2,000 வெள்ளிக்கு மேல் செலவழித்திருக்கிறீர்கள். வால்வு பிஸ்டனில் இடித்துவிடக் கூடாது என்று பட்டறைக்காரர் பிளாக்கின் அடியில் 1 மி.மீ. அலுமினியத் தகடு வைத்திருக்கிறார். டைனோவில் (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் மேடை) ஏற்றிப் பார்த்தபோது பின்சக்கரத்தில் 7,400 ஆர்பிஎம்-மில் (நிமிடத்துக்கு 7,400 சுற்று) 13 குதிரைத்திறன்தான் வந்தது, அதற்கு மேல் வரைகோடு சரிகிறது. 17 வரும் என்று சொல்லி விற்றார்கள். இப்போது 30 மி.மீ. கார்புரேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலை தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு உரியது. சிங்கப்பூரில் பதிவான மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கொள்ளளவை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி மாற்றிச் சாலையில் ஓட்டுவது குற்றம். 200 சிசி வரை ஓட்ட அனுமதிக்கும் 2பி உரிமம் கையில் இருப்பதும், 177 அதற்குள் அடங்குவதும் இந்த விஷயத்தில் உதவாது, ஏனென்றால் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் எண் வேறு. விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடலாம்.

இப்போது உங்கள் வரைகோட்டுக்கு வருவோம். எல்லோரும் உச்ச எண்ணை மட்டும் பார்த்து மனம் நொந்துபோகிறார்கள், ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது அந்த உச்சம் எந்த ஆர்பிஎம்-மில் வருகிறது என்பதுதான். குதிரைத்திறன் என்பது முறுக்கு விசையை, அதாவது எஞ்சின் திருப்பும் வலுவை, ஆர்பிஎம்-மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் வருவது (முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில்). உங்கள் 13 குதிரைத்திறனையும் 7,400-ஐயும் வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், அந்த இடத்தில் முறுக்கு விசை ஏறக்குறைய 12.5 நியூட்டன் மீட்டர். 17 குதிரைத்திறன் வர வேண்டுமானால், இந்த அளவு எஞ்சினில் அது 8,800 ஆர்பிஎம்-மில் 13.8 நியூட்டன் மீட்டர் என்ற வடிவத்தில் வருவதுதான் இயல்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறுக்கு விசையில் உங்களுக்குக் குறைவது சுமார் 9 விழுக்காடு, ஆர்பிஎம்-மில் குறைவது 16 விழுக்காடு. அதாவது உங்கள் எஞ்சின் வலுவாகத்தான் அடிக்கிறது, ஆனால் மேலே போகப் போக அதற்கு மூச்சு வாங்குகிறது. பெரும்பங்கு இழப்பு அங்கேதான் இருக்கிறது.

ஏன் மூச்சு வாங்குகிறது? நீங்கள் கொடுத்த உதிரிப்பாகப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் ஹெட் (வால்வுகள் அமர்ந்திருக்கும் சிலிண்டர் தலை) இல்லை. ஸ்பார்க்கின் அசல் சிலிண்டர் 54 மி.மீ. அகலமும் 58.7 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 134 சிசி. நீங்கள் 62 மி.மீ.க்குப் போனதால் கொள்ளளவு 177 ஆகிவிட்டது, அதாவது ஏறக்குறைய 32 விழுக்காடு கூடுதல். ஆனால் காற்று உள்ளே வரும் வழியும் வால்வுகளும் இன்னமும் 134 சிசிக்கு அளந்து செய்யப்பட்டவை. ஒரே வாசல் வழியாக ஒவ்வொரு சுற்றுக்கும் 32 விழுக்காடு கூடுதல் காற்று போக வேண்டுமானால், அந்த வாசல் திணறத் தொடங்கும் ஆர்பிஎம்-மும் அதே விகிதத்தில் இறங்கும். அசல் எஞ்சின் 8,500 வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், வேறு எதையும் மாற்றாமல் பிளாக்கை மட்டும் பெரிதாக்கும்போது உச்சம் 6,500-க்கு அருகே வந்துவிடும். உங்கள் கேமும் கார்புரேட்டரும் அதை 7,400 வரை இழுத்துக் கொண்டுவந்திருக்கின்றன. அவை தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. கார்புரேட்டரை 30 ஆக்கினால் வால்வு பெரிதாகிவிடாது. மாறாக, கீழ் ஆர்பிஎம்-மில் காற்றின் வேகம் குறைந்து, ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுவை தளர்ந்து, வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் தடுமாறத் தொடங்கும்.

ஆகவே உண்மையான தீர்வு பெரிய வால்வுகளும் துளைவழியைச் சீராகத் திறந்துவிடும் வேலையும்தான். ஆனால் அதற்கு உடனே பணம் கட்டாதீர்கள், ஏனென்றால் 13-க்கும் 17-க்கும் இடையிலான பள்ளத்தை ஹெட் ஒன்று மட்டுமே தோண்டியிருக்காது. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த ஏமாற்றமளிக்கும் எஞ்சின்களில் ஒரே ஒரு பெரிய குற்றவாளி இருந்தது அபூர்வம். நான்கைந்து இடங்களில் 5 விழுக்காடு 5 விழுக்காடாகக் கசிவதே வழக்கம். 17-ஐ 0.95-ஆல் ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 13.2 வரும். அதனால்தான் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு முன்னேற்றம் தெரியவில்லை என்று அடுத்த பாகத்துக்குப் போகிறவர்கள் கடைசி வரை தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 5 விழுக்காட்டு மாற்றம் உடம்புக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

முதலில் காசு செலவில்லாத ஒன்று. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அணைத்த நிலையில் ஒருவரை முறுக்குப்பிடியை முழுவதும் திருகச் சொல்லி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு துளையை விட்டு முழுவதும் மேலே போகிறதா? பெரிய கார்புரேட்டருக்கு ஸ்லைடு ஏற வேண்டிய தூரம் அதிகம், ஆனால் கேபிளும் முறுக்குப்பிடியும் அசல் கார்புரேட்டரின் தூரத்துக்கு ஏற்றவை. என் சொந்த வண்டியில் இது நடந்தது. இரண்டு மாதம் ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தட நாள் ஒன்றுக்குக் கட்டிய பணமும் வீணானது. கடைசியில் ஸ்லைடு முக்கால்வாசிக்கு மேல் ஏறவே இல்லை என்று தெரிந்தது. கார்புரேட்டரைப் பொருத்திய பட்டறை அதைச் சோதிக்கவில்லை, நானும் சோதிக்கவில்லை. அதைத் தொட்டுப் பார்க்கும்போதே கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டையும் கவனியுங்கள். 28 மி.மீ. வாயிலிருந்து அசல் மேனிஃபோல்டின் சிறிய துளைக்குள் காற்று நுழையும் இடத்தில் படிக்கட்டு போல விளிம்பு இருந்தால், நீங்கள் வாங்கிய பெரிய கார்புரேட்டர் பெயரளவில்தான் 28.

அடுத்தது அந்த அலுமினியத் தகடு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. 62 மி.மீ. சிலிண்டரின் பரப்பில் 1 மி.மீ. உயரம் என்பது 3 சிசி. உங்கள் பிளாக்கும் பிஸ்டனும் 11.5 அமுக்க விகிதத்துக்காக (கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) செய்யப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எரியும் அறையில் மொத்தம் 16.9 சிசி இடம் இருக்க வேண்டும். தகடு 3 சிசியைச் சேர்த்ததும் அது 19.9 ஆகிறது, விகிதம் 9.9-க்கு இறங்குகிறது. ஸ்பார்க்கின் அசல் விகிதமே 10.9 என்பதை நினைத்துப் பாருங்கள். பந்தயத்துக்காக மாற்றிய எஞ்சின், கடையிலிருந்து வந்த எஞ்சினைவிடக் குறைவாக அமுக்குகிறது. ஏட்டுக் கணக்கின்படி இந்த இறக்கத்தால் திறமையில் போவது 4 விழுக்காடு அளவுதான். ஆனால் உங்கள் பெரிய கேம் உள்வால்வைத் தாமதமாக மூடுவதால், கீழ் ஆர்பிஎம்-மில் உண்மையாக அமுக்கப்படும் காற்று அதைவிடவும் குறைகிறது. அதோடு, பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடையே 0.9 மி.மீ. போல இருக்க வேண்டிய இடைவெளி 1.9 ஆகிவிடுகிறது. அந்தக் குறுகிய இடைவெளிதான் கடைசி நொடியில் கலவையைப் பிழிந்து நடுவுக்குத் தள்ளி வேகமாக எரிய வைப்பது. அது அகன்றுவிட்டால் எரிதல் சோம்பலாகிறது, கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதற்கான வாய்ப்பும் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். பிஸ்டனை அமுக்க உச்சியில் நிறுத்தி, பிளக் துளை நேர் மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசிக்குழாயால் மெல்லிய எண்ணெயைத் துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள். எத்தனை சிசி போனது என்று குறித்துக்கொண்டு, பிளக் துளையின் கொள்ளளவைக் கழியுங்கள். துளை 10 மி.மீ. அகலமும் 19 மி.மீ. ஆழமும் கொண்டதானால் அது 1.5 சிசி. மிஞ்சுவதால் 177-ஐ வகுத்து ஒன்றைக் கூட்டினால் உங்கள் உண்மையான அமுக்க விகிதம் கிடைக்கும். அரைமணி நேர வேலை.

தகடு இன்னொன்றையும் செய்திருக்கிறது. பிளாக்கை உயர்த்தினால் கேமின் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், செயின் வழியாக அதைச் சுழற்றும் கிராங்கிலிருந்து (பிஸ்டன் சுழற்றும் அச்சு) தள்ளிப்போகிறது. செயினின் இழுபடும் பக்கம் நீளாது என்பதால் கேம் சற்று முன்னோக்கித் திரும்புகிறது, 1 மி.மீ.க்குக் கிராங்க் அளவில் ஏறக்குறைய 3 டிகிரி. கேம் முன்னே போனால் கீழ் இழுவை கூடி மேல் ஆர்பிஎம் சாகும். உங்கள் வரைகோடு காட்டுவதும் அதே திசைதான். 3 டிகிரி மட்டும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தந்துவிடாது. ஆனால் செயினை மாட்டும்போது ஒரு பல் தவறியிருந்தால் அது 20 டிகிரிக்குக் குறையாது, அப்போது எல்லாமே மாறிவிடும். ஆகவே ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் குறியை மட்டும் நம்பாதீர்கள். கிராங்கில் டிகிரி வட்டு ஒன்றைப் பொருத்தி, வால்வின் தலையில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் முள்கருவி) வைத்து, உள்வால்வு திறக்கும்போது 1 மி.மீ. உயரும் இடத்தையும் மூடும்போது 1 மி.மீ. மிஞ்சும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவைக் கண்டுபிடியுங்கள். அந்த நடு, பிஸ்டன் உச்சியைக் கடந்து எத்தனையாவது டிகிரியில் வருகிறதோ அதைக் கேமுடன் வந்த தாளோடு ஒப்பிடுங்கள். தாள் இல்லையென்றால் 104-க்கும் 110-க்கும் இடையே இருப்பது இயல்பானது. என் டயல் கேஜை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடப்படுவதற்கு முன் அங்கே வாங்கினேன். இப்போது ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளில் தேடலாம். பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி அல்ல.

தகட்டை எடுத்துவிட்டால் வால்வு இடிக்குமா என்ற பட்டறைக்காரரின் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து தகடு அல்ல. பிஸ்டன் தலையில் வால்வுக் குழிகளின் மேல் களிமண் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, திறந்து களிமண்ணை வெட்டித் தடிமனை அளக்க வேண்டும். உள்வால்வுக்குக் குறைந்தது 1 மி.மீ.யும் வெளிவால்வுக்கு 1.5 மி.மீ.யும் இருந்தால் தகடு தேவையில்லை. குறைந்தால் பிஸ்டனின் குழியை ஆழமாக்கச் சொல்லுங்கள். தகட்டை எடுத்த பிறகு கேம் நேரத்தை மறுபடியும் அளக்க மறக்காதீர்கள்.

அமுக்கத்தைக் கேஜில் பார்த்தோம், சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய கேம் போட்ட எஞ்சினில் அந்த எண் அதிகம் சொல்லாது. கசிவுச் சோதனை செய்யுங்கள். எல்லா வால்வுகளும் மூடிய உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, அழுத்தக் காற்றைப் பிளக் துளை வழியாகச் செலுத்தி, எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பதே அது. 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல எஞ்சின், 20-ஐத் தாண்டினால் பிரித்தே ஆக வேண்டும். தப்பும் காற்று எங்கே சீறுகிறது என்று காதால் கேட்கலாம். கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, சைலன்சரில் சீறினால் வெளிவால்வு, எஞ்சினின் மூச்சுக்குழாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட். புதிய பிளாக் என்பதால் ரிங்குகளின் வாய் இடைவெளியையும் கேட்டறியுங்கள். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு தராத நிலையில், 62 மி.மீ.க்கு 0.25 மி.மீ. அளவில் இருப்பது சரி. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம்.

கலவையைப் பொறுத்தவரை, நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். 32 டிகிரி வெப்பத்தில் காற்று 25 டிகிரியில் இருப்பதைவிட 2 விழுக்காட்டுக்கு மேல் இலேசானது. அதில் கலந்திருக்கும் ஈரப்பதம் இன்னொரு 3 விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் குளிர்நாட்டுக் குறிப்பேட்டில் சொன்ன மெயின் ஜெட் இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட் தீர்மானிக்கும் பழைய பழக்கம் ஈயமில்லாத பெட்ரோலில் எளிதில் ஏமாற்றும். டைனோ இருக்கும் இடத்தில் அகலப்பட்டை ஆக்ஸிஜன் உணரி இருக்கும், அதைச் சைலன்சரில் செருகச் சொல்லுங்கள். முறுக்குப்பிடியை முழுவதும் திருகிய நிலையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.6-லிருந்து 13.2 பங்கு காற்று வரை இருந்தால் அதை விட்டுவிடலாம். மேல் ஆர்பிஎம்-மில் மட்டும் அது மெலிந்துகொண்டே போனால் ஜெட்டைத் தொடாமல் முதலில் பெட்ரோல் வரத்தைச் சோதியுங்கள். 15 கிலோவாட் தரும் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் குடிக்கும், குழாயைக் கழற்றிப் பிடித்தால் அதைப் போல இரண்டு மடங்காவது ஓட வேண்டும்.

98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றியும் பயனில்லை என்று வருந்தியிருந்தீர்கள். ஆக்டேன் எண் தட்டுதலைத் தாங்கும் ஆற்றலைத்தான் சொல்கிறது, சக்தியை அல்ல. 9.9 விகிதத்தில் அது உங்களுக்கு எதையும் தராது. 11.5-க்குத் திரும்பியபின் அதன் தேவை தெரியும். சிடிஐயும் அப்படியே: வேகக் கட்டுப்பாட்டை நீக்கியதால் 7,400-இல் விழும் வரைகோடு எழுந்துவிடாது, ஆனால் அதன் பற்றவைப்பு நேரம் அசலைவிட மாறியிருக்கலாம் என்பதால் ஸ்ட்ரோப் விளக்கு வைத்து ஒரு முறை பார்ப்பது நல்லது.

கிளட்சையும் விட்டுவிடாதீர்கள். 32 விழுக்காடு பெரிய எஞ்சினை அசல் ஸ்ப்ரிங்குகள் தாங்குவது சந்தேகம். டைனோ வரைபடத்தில் ஆர்பிஎம் ஏறும் வேகத்துக்குச் சக்கர வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் சறுக்குகிறது. எண்ணெய் டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஈரக் கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய்த் தரம்) என்ற குறி இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, ஈரக் கிளட்சைச் சறுக்கவைக்கும்.

டைனோவின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. விற்றவர் சொன்ன 17 எந்தத் திருத்தக் கணக்கில் (அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் முறை) வந்தது என்று கேளுங்கள். பழைய திருத்த முறை, இப்போதைய எஸ்ஏஇ முறையைவிட 4 விழுக்காடு அளவுக்குக் கூட்டிக் காட்டும். கிராங்கில் அளந்ததா சக்கரத்தில் அளந்ததா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 17 கிராங்கில் என்றால் சக்கரத்தில் 14.5 பக்கம்தான், உங்கள் பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், அடுத்த வார இறுதியில் கடற்பாலம் தாண்டிப் போகும்போது ஸ்லைடு, எரியும் அறையின் கொள்ளளவு, கேம் நேரம், கசிவு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை எடுத்து, கேமை அதன் தாளுக்கு ஏற்ப வைத்து, கலவையைச் சரிசெய்த பின் அதே டைனோவில் அதே திருத்த முறையில் மறுபடி ஓட்டினால் 14.5 வரக்கூடும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் வேண்டுமானால் ஹெட்டுக்குத்தான் போக வேண்டும். வால்வு ஸ்ப்ரிங்குகளையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். 58.7 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 10,000 ஆர்பிஎம் என்பது பிஸ்டனுக்கு நொடிக்குச் சராசரியாக 19.6 மீட்டர் வேகம், அதற்கு மேல் இந்தக் கிராங்கை நான் ஓட்டமாட்டேன்.

ஹெட் வேலைக்கு இப்போது பணம் இல்லையென்றால் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் குறைத்துப் பாருங்கள். உங்கள் எஞ்சின் இன்றைய நிலையில் 8,500 வரை ஓடப் பிறந்ததல்ல, 5,500-க்கும் 7,500-க்கும் இடையில் அசலைவிட நன்றாக இழுப்பது. செப்பாங்கின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளிலும் ஊசி அந்த எல்லைக்குள் நிற்கும்படி கியரிங்கை அமைத்தால், கையில் இருக்கும் 13-ஐ முழுவதும் பயன்படுத்தலாம். அளந்த எண்களையும் இரண்டு வரைகோடுகளையும் அனுப்புங்கள், வால்வு அளவை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.